அங்கமுத்து, முருகையன், அங்கமுத்து

சிங்கப்பூர்
12.7.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

புவனேஸ்வரி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளை வெய் மிங்கும் சுகம். வயிற்றில் இருப்பதும் சுகம்தான், உதைக்கிற உதையிலேயே தெரிகிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அரும்பாவூருக்கும் பெரம்பலூருக்கும் நாள் முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? கூட்டம் இல்லாத டிரிப்பிலாவது உட்காருங்கள் என்று நான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன். "சரிம்மா" என்று நீங்களும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறீர்கள்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் அம்மா கையில் போன் கிடைத்தால் உங்களுக்கு வராது. அதனால்தான் கடிதம்.

மாமனாருக்குப் போன வருஷம் நெஞ்சில் ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும். தேறிவிட்டார். காலையில் பூங்காவைச் சுற்றி நடக்கிறார். மற்ற நேரமெல்லாம் அவருக்கு ஒரே வேலைதான். இவர்களுடைய டான் குடும்பத்தாருக்கு இங்கே ஒரு சங்கம் இருக்கிறது. சீனாவில் ஒரே ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வம்சப் புத்தகம் உண்டு. முதல் ஆள் யார், அவருக்கு யார் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்கு யார் என்று இருபத்திரண்டு தலைமுறை அதில் இருக்கிறது. தலைமுறைக்கு ஒரு தடவை புதியவர்களைச் சேர்த்து மறுபடி அச்சடிப்பார்கள். இப்போது அச்சடிக்கப் போகிறார்கள். எங்கள் கிளைக்கு மாமனார்தான் பொறுப்பு.

முன்பெல்லாம் அதில் பெண்கள் பெயர் கிடையாது. மருமகள் என்றால் இன்ன குடும்பத்துப் பெண் என்று ஒரு சொல், அதோடு சரி. இந்தத் தடவை முழுப் பெயரும், அவள் ஊரும், அவள் அப்பா, தாத்தா பெயர்களும் எழுத வேண்டும் என்று மாமனார் சங்கத்தில் சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். "உன் பெயருக்கு மேலே வெறுமையாக விட எனக்கு மனசில்லை" என்றார். நம் வீட்டில் தெரிந்தவரை மேலே மேலே போய்ப் பெயர்களை எழுதி அனுப்புங்கள், அப்பா. அம்மா பெயரையும் போடுவார்கள்.

அத்தை, மாமா இருவரும் உங்களை விசாரித்தார்கள்.

அன்பு மகள்
புவனா


அரும்பாவூர்
30.7.2005

அன்பு மகள் புவனேஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். மழை இல்லை, வெயில் இருக்கிறது, பஸ் ஓடுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. நர்ஸ் வேலை பார்க்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். முழங்கால் பற்றி எழுதியிருந்தாய். சரிம்மா.

உன் மாமனார் இருபத்திரண்டு தலைமுறை வைத்திருக்கிறார். நாம் மட்டும் என்ன, வானத்திலிருந்தா குதித்தோம்? நமக்கும் அத்தனை இருக்கும். எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தது என் அப்பா, அவருடைய அப்பா, அதோடு சரி. ஆகவே லீவு போட்டுவிட்டு மீன்சுருட்டிக்குப் போய்க் குஞ்சம்மாள் அத்தையைக் கேட்டேன். என் அப்பாவின் கூடப் பிறந்தவர்களில் இன்று இருப்பது அவர் ஒருத்திதான். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்கப்பாரு பேரு முருகையன். அவரோட அப்பாரு அங்கமுத்து. அதுக்கு மேலயும் முருகையனாத்தான்டா இருக்கும். வேற யாரா இருக்கப் போறாங்க?"

அத்தை சொன்னது சரிதான். தாத்தா பேர் பேரனுக்கு. என் அப்பா அங்கமுத்து, தாத்தா முருகையன், பூட்டன் அங்கமுத்து. ரெண்டே பேரை வைத்துக்கொண்டு காலம் பூராவும் ஓட்டியிருக்கிறோம். சம்பந்திக்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்று கேள், மாற்றி மாற்றிப் போட்டுத் தருகிறேன். விளையாட்டுக்குச் சொன்னேன். பூட்டனுக்கு மேலே பார்த்தவர் யாரும் இல்லை. அதனால் பூட்டன் அங்கமுத்து வரைக்கும் எழுதினால் போதும். உன் அம்மா பேர் ஆண்டாயி.

எனக்கு ஆண் பிள்ளை பிறந்திருந்தால் அங்கமுத்து என்று வைத்திருப்பேன். நீ ஒருத்திதான் பிறந்தாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அத்தைக்குத்தான் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். தாத்தா பேரில் நிலம் கிடையாது. அதனால் பட்டா கிடையாது. பள்ளிக்கூடம் போனதில்லை, அங்கேயும் பேர் இல்லை. பண்ணையில் "ஏய்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அதுதான் பேர். பூட்டனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. உன் மாமனார் புத்தகத்தில் ஏறினால் அதுதான் முதல் தடவை. அது எந்த ஊர் எழுத்தாக இருந்தால்தான் என்ன? விட்டுப்போகாமல் பார்த்துக்கொள், அம்மா. எனக்கு இது பெரிய ஆசை.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் என் அன்பு.

அப்பா
முருகையன்


சிங்கப்பூர்
22.8.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். எனக்குக் கால் மட்டும் வீங்குகிறது. மாமியார் இஞ்சி போட்டு ஏதாவது ஒன்றைக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதம் நல்லெண்ணெயும் இஞ்சியும் போட்ட கோழிதானாம். தலைக்குக் குளிக்கக் கூடாது, காற்றில் நிற்கக் கூடாது. அம்மா பேசுவதைப் போலவே இருக்கிறது. அம்மாவுக்குப் பாஸ்போர்ட் வந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு வழி ஆக்கியிருப்பார்கள்.

நீங்கள் அனுப்பிய பெயர்களை இங்கிலீஷில் எழுதி மாமனாரிடம் கொடுத்தேன். வெய் மிங் படித்துச் சொன்னான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எழுதும்போது தவறிவிட்டதா? ஒரே பெயர் இரண்டு தடவை வருகிறதே" என்று கேட்டார். இல்லை, எங்கள் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயர்தான் வைப்பார்கள் என்றேன். அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "உங்கள் வழக்கம் உங்களுக்கு" என்று சிரித்தார்.

ஒவ்வொரு பெயருக்கும் என்ன பொருள் என்று கேட்டு, சத்தம் ஒத்துவரும் சீன எழுத்தாகத் தேடிக்கொண்டிருக்கிறார். முத்து என்றால் என்ன என்று காட்ட என் தோட்டைக் கழற்றினேன். ஏப்ரல் முதல் வாரத்தில் முன்னோர்களின் கல்லறையைச் சுத்தம் செய்து கும்பிடும் நாள் வருகிறது. அதற்குள் புத்தகம் வந்தாக வேண்டும். மார்ச் நடுவில் தாள்களை எல்லாம் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார்.

கவலைப்படாதீர்கள். தாத்தாவும் பூட்டனும் நல்ல கையில் இருக்கிறார்கள்.

புவனா


அரும்பாவூர்
2.12.2005

என் கண்ணு புவனேஸ்வரிக்கு,

நீயும் பேரனும் நலமாக இருப்பதாக மாப்பிள்ளை போனில் சொன்னார். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் நடு வழியில் சந்தித்துக்கொண்டன. "பாய்" என்று மட்டும் விளங்கியது, அது போதும். அன்றைக்கு ஒரு டிரிப் முழுக்க பஸ்ஸில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள். அவர்களுக்கும் மிட்டாய் கொடுத்தேன்.

இன்னும் பேர் வைக்கவில்லை, மாதம் நிறைந்ததும் விருந்தில்தான் சொல்வார்கள் என்று அப்புறம் நீ போனில் உன் அம்மாவிடம் சொன்னாய். எனக்குப் புரிந்துவிட்டது. நம் வழக்கத்தைக் கேட்டதும் சம்பந்தி வெகுநேரம் பேசாமல் இருந்தார் என்று எழுதியிருந்தாய் அல்லவா? ஆசை இருந்திருக்கும், கேட்கக் கூச்சப்பட்டிருப்பார். கல்யாணத்துக்கு இங்கே வந்தபோதே பார்த்தேனே, இரண்டாம் தடவை பாயசம் வேண்டும் என்றுகூடக் கேட்கத் தெரியாத மனுஷர். இலையைப் பார்த்து நானாகத்தான் ஊற்றச் சொன்னேன்.

இதையும் நானாகவே செய்துவிட்டேன். பெரம்பலூரில் நல்ல கனமாக ஒரு வெள்ளி டம்ளர் வாங்கி, அதில் ஹோக் செங் என்று சம்பந்தியின் பேரையே வெட்டச் சொன்னேன். அப்பா வழித் தாத்தா பேர்தானே முதல் பேரனுக்கு? வெட்டுகிறவர் இது என்ன பேருங்க என்றார். எங்கள் பேரன் பேர் என்றேன். கோயிலிலும் அதே பேரைச் சொல்லி அர்ச்சனை பண்ணியாயிற்று. நம் மேலத்தெரு சாமிதுரை லீவு முடிந்து அங்கே கப்பல் பட்டறைக்குத் திரும்புகிறான். அவனிடம் டம்ளரைக் கொடுத்தனுப்புகிறேன். விருந்தன்று நேரே வீட்டுக்கு வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேரைப் படித்துவிட்டுக் கொடு என்று சொல்லியிருக்கிறேன். சம்பந்தியின் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

உன் அம்மா வசம்பும் ஒரு சேலைத் துணியும் கொடுத்திருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

தாத்தா ஆகிவிட்ட
முருகையன்


சிங்கப்பூர்
3.1.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். குழந்தை நன்றாகத் தூங்குகிறான், பகலில் மட்டும். அவனுக்கு ஜியா ஆன் என்று பெயர். ஜியா என்றால் வீடு. ஆன் என்றால் அமைதி. இவர்களின் முன்னோர் ஒருவர் ஒரு செய்யுள் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தலைமுறைக்கும் அதில் ஒரு சொல். மாமனாரின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஹோக். வெய் மிங்கின் வரிசை முழுக்க வெய். இப்போது பிறக்கிறவர்கள் எல்லாரும் ஜியா. பெயரைக் கேட்டாலே இவன் எத்தனையாவது தலைமுறை என்று சொல்லிவிடலாம்.

இங்கே மழை விடவே இல்லை. துணி காய்வதில்லை. சாமிதுரை அண்ணன் வந்து போனார். வசம்பு கிடைத்தது.

பொங்கலுக்குக் கரும்பு வாங்கினால் எனக்கும் ஒரு துண்டு கடித்துக்கொள்ளுங்கள்.

புவனா


அரும்பாவூர்
24.1.2006

அன்பு மகளுக்கு,

நலம். உன் பங்குக் கரும்பையும் கடித்ததில் கடைவாய்ப் பல் ஆடுகிறது.

ஜியா ஆன் என்று உன் அம்மா நாள் முழுக்கச் சொல்லிப் பழகுகிறாள். நல்ல பேர். நான் வைத்த பேர் வீட்டில் கூப்பிடும் பேராக இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மழை இருக்கிறது, துணி இருக்கிறது, வசம்பு இருக்கிறது. டம்ளர் இல்லை. சம்பந்தி இல்லை. புத்தகம் இல்லை. முப்பது வருஷமாகக் கண்டக்டர் வேலை பார்க்கிறேன், புவனா. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். உன் கடிதம் அப்படிப் பார்க்கிறது. சாமிதுரைக்குப் போன் போட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு மாமா" என்று வைத்துவிட்டான்.

என்ன நடந்தது? எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று மறைக்காதே. மறைத்தால்தான் கஷ்டம்.

அப்பா


சிங்கப்பூர்
16.2.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

குழந்தையும் நானும் சுகம். மற்றதை இனி மறைக்கவில்லை. நான் எழுதாமல் இருந்தது உங்கள் மனசு நோகும் என்றுதான்.

உங்கள் டிசம்பர் கடிதம் விருந்துக்கு முதல் நாள்தான் கிடைத்தது. விருந்துக்கு மாமனாரின் உறவு முழுவதும் வந்திருந்தது. சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அப்போது சாமிதுரை அண்ணன் வந்தார். நீங்கள் சொன்னபடியே டம்ளரை உயரத் தூக்கி, "ஹோக் செங்" என்று சத்தமாகப் படித்தார். அதோடு விடவில்லை. குழந்தையை வாங்கி, "டேய் ஹோக் செங்கு, ஒங்க தாத்தா குடுத்ததுடா, பால் குடிக்கிறியாடா" என்று கொஞ்சினார். தமிழ் தெரியாவிட்டாலும் பெயர் எல்லாருக்கும் விளங்கியது. முட்டை உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இவர்களிடம் பெரியவர்களின் பெயரைச் சின்னவர்களுக்கு வைக்கவே கூடாது, அப்பா. இருபத்திரண்டு தலைமுறைப் புத்தகத்தில் முன்னோர் ஒருவரின் பெயர் பின்னால் வந்தவனுக்கு இருக்காது. புதிதாகப் பெயர் வைக்கும் முன் பழைய பெயர்களோடு ஒத்துப்பார்ப்பதும் அதற்குத்தான். அப்பா பெயரைப் பிள்ளை வாயால் சொல்வதே தப்பு. உயிரோடு இருக்கும் தாத்தாவின் பெயரைக் கைக்குழந்தைக்கு வைத்து டேய் போட்டால் எப்படி இருக்கும்? மாமனாரின் அண்ணன் சிரித்துக்கொண்டே, "உன் இடத்துக்கு ஆள் வந்தாயிற்று, நீ எப்போது கிளம்புகிறாய்?" என்று மாமனாரைக் கேட்டார். ஆபரேஷன் முடிந்து வந்த மனுஷரிடம் கேட்கிற கேள்வியா அது? மாமனார் எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துத்தான் பேசுகிறார், குழந்தையைத் தூக்குகிறார். ஆனால் நம் வீட்டுப் பெயர்களை எழுதியிருந்த தாளை மட்டும் மேஜையிலிருந்து எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார். ஏற்கெனவே சங்கத்துச் செயலாளர், "ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, இதை அச்சடித்தால் புத்தகமே பிழை என்பார்கள்" என்று சொல்லியிருந்தார். மாமனார் நேரில் போய்ப் பேசினால்தான் அது உள்ளே வரும். அவர் போகவில்லை. மார்ச் நடுவோடு கெடு முடிகிறது.

ஆகஸ்டிலேயே அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் உங்களுக்கு எழுதிவிட்டேன். அதை நினைத்தால் அழுகை வருகிறது.

புவனா


அரும்பாவூர்
28.2.2006

அன்பு மகளுக்கு,

அழாதே. பால் கொடுக்கிறவள் அழக் கூடாது என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினால் இவர் அதைக் காலில் போட்டு மிதித்த மாதிரி எடுத்துக்கொண்டாரே என்று. உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"அந்த மனுசன் கோச்சுக்கிட்டதுல என்னங்க தப்பு? பெரியவங்க பேர சொல்லக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒங்களுக்குத்தான் தெரியல."

"நான் மரியாதைக்குத்தானே வச்சேன்?"

"நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒங்க பேர சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில புருசன் பேரு கேட்டா, பக்கத்துல நிக்கிறவங்கள சொல்லச் சொல்றேன். அது மட்டும் என்னவாம்?"

உண்மைதானே? பழனிக்குப் போய் வந்தால்கூட மலைச்சாமியைக் கும்பிட்டேன் என்பாளே தவிர, சாமி பேரைச் சொல்லமாட்டாள், அதில் என் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று. இதே வீட்டில் சோறு தின்றுவிட்டு, சம்பந்தி ஏன் முகம் சுளித்தார் என்று எனக்குத் தெரியாமல் போனது.

இதோடு சம்பந்திக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். பூசி மெழுகாமல், நான் எழுதியபடியே அவருக்குச் சொல்.

அப்பா

(உடன் வைத்த கடிதம்)

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அரும்பாவூர் முருகையனின் வணக்கம். நடைப்பயிற்சி விடாமல் நடக்கிறதா? சம்பந்தி அம்மா சுகமா?

நான் செய்தது தப்பு. உங்கள் உறவுக்காரர்கள் முன்னால் உங்களுக்குத் தலைகுனிவு ஏற்படுத்திவிட்டேன். மன்னிக்க வேண்டும். கேட்டுச் செய்திருக்க வேண்டும். உங்களுக்குக் கூச்சம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

நான் ஏன் செய்தேன் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் புத்தகம் கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ஒரு மனுஷர் செத்துப்போனால் அவர் பேரை எங்கே வைப்பது? காகிதம் இல்லை, கல் இல்லை. அதனால் ஒரு பிள்ளையின் மேல் வைத்தார்கள். அந்தப் பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் பேர் அழியாமல் இருக்கும். உங்கள் பேரையும் அப்படிப் பத்திரமாக வைக்க நினைத்தேன். உங்களுக்குத்தான் புத்தகம் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவி இத்தனை வருஷத்தில் என் பேரைச் சொன்னதில்லை. பேரைச் சொல்லாமல் இருப்பதும் மரியாதை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு மரியாதையும் என் வீட்டிலேயே இருந்தும் நான் யோசிக்கவில்லை.

என் தாத்தா பேர் உங்கள் புத்தகத்தில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் என் தப்புக்குப் பிறகு அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யுங்கள். என் மகள் மேல் மட்டும் வருத்தம் வைக்காதீர்கள். அவளுக்கு டம்ளர் விஷயம் என் கடிதம் வரும் வரை தெரியாது. தெரிந்த பிறகு தடுக்க அவளுக்கு நேரமும் இல்லை, என்னிடம் சொல்ல மனசும் இல்லை.

வணக்கத்துடன்
முருகையன்


சிங்கப்பூர்
8.4.2006

அரும்பாவூர் சம்பந்தி அவர்களுக்கு,

டான் ஹோக் செங் எழுதச் சொல்வது. நான் சொல்வதை வெய் மிங் இங்கிலீஷில் சொல்கிறான், புவனா தமிழில் எழுதுகிறாள். எதையும் விட்டுவிடக் கூடாது என்று இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறேன். நான் நலம். உங்கள் முழங்காலைப் பற்றிப் புவனா சொன்னாள். உட்காருங்கள்.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. என் அண்ணன் சிரித்த சிரிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்தபோது, பேரனைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்று பயந்தேன். பேரன் வந்த பிறகு, அவனுக்காக நான் போக வேண்டும் என்று யாரோ சொன்னது போல இருந்தது.

உங்கள் கடிதத்தைப் புவனா படித்தாள். உங்கள் மனைவியைப் பற்றிச் சொன்னபோது என் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். அவளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெய் மிங் அப்பா என்பாள். வெய் மிங் பிறப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட வேண்டியிருந்தால் கரண்டியால் சட்டியைத் தட்டுவாள்.

மறுநாள் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் மறுபடியும் பிழை என்றார். எங்கள் புத்தகத்தில் ஒரு பெயர் இரண்டு தடவை வந்தால் யாரோ எழுதும்போது தூங்கிவிட்டார் என்று பொருள். நான் தூங்கவில்லை என்றேன். இரண்டாவது முருகையனையும் இரண்டாவது அங்கமுத்துவையும் எடுத்துவிட்டால் வைத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்தால் யாரை எடுப்பது? ஒரு ஆள் இருந்த இடத்தை வெறுமையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை. கடைசியில், பெயர்களுக்குக் கீழே ஒரு குறிப்பு சேர்த்தால் சரி என்று ஒத்துக்கொண்டார். குறிப்பை நானே எழுதினேன். அது இப்படி இருக்கிறது:

"பெயர்கள் திரும்ப வருவது பிழை அல்ல. இவர்கள் வீட்டில் தாத்தாவின் பெயரைப் பேரன் சுமப்பான். பேரனைக் கூப்பிட்டால் தாத்தாவும் திரும்பிப் பார்ப்பார்."

நேற்று முன்தினம் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து புத்தகத்தை வைத்துக் கும்பிட்டோம். உங்கள் பக்கத்தின் நகல் இதோடு வருகிறது. மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். மேலே இருப்பவர் உங்கள் பூட்டன். கடைசியில் நீங்களும் உங்கள் மனைவியும். அங்கிருந்து கோடு புவனாவுக்கு வந்து, எங்கள் ஜியா ஆனோடு சேர்கிறது. முத்து என்று வரும் இடத்தில் முத்துக்கு உரிய எழுத்தையே போட்டிருக்கிறேன்.

டம்ளரில் என் பெயர்தான் வெட்டியிருக்கிறது. அதனால் அதில் நான்தான் டீ குடிக்கிறேன். கையைச் சுடுகிறது, ஆனாலும் விடவில்லை. குழந்தைக்கு அவன் பெயர் போட்டு வேறொன்று அனுப்பவும்.

ஹோக் செங்


அரும்பாவூர்
26.4.2006

அன்பு மகள் புவனேஸ்வரிக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும்,

எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நாங்கள் நலம், மிக நலம். ஜியா ஆன் என்று பேர் வெட்டின டம்ளருக்குச் சொல்லியாயிற்று. இந்தத் தடவை எழுத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

சம்பந்தியின் கடிதத்தை முதலில் நான் மட்டும் படித்தேன். அந்தக் குறிப்பு வந்த இடத்தில் மேலே படிக்க முடியவில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன், புவனா. சந்தோஷமாகத்தான். டிரைவர் பாவாடை பயந்துபோய்ச் சோடா வாங்கி வந்துவிட்டான். வீட்டில் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கரண்டியால் சட்டியைத் தட்டும் சேதியைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. ஜியா ஆன் என்று யாருடைய பேரும் ஒட்டாத பேராக வைத்ததில் அவளுக்குத்தான் பெரிய நிம்மதி. என் பேரை வைத்திருந்தால் பேரனை வாய் நிறையக் கூப்பிட முடியாதே.

நேற்று மீன்சுருட்டிக்கு அந்தக் காகிதத்தைக் கொண்டுபோனேன். குஞ்சம்மாள் அத்தைக்குக் கண் மங்கிவிட்டது. வாசல் வெளிச்சத்துக்கு வந்து, காகிதத்தை மடியில் விரித்துக்கொண்டார். சீன எழுத்து என்றேன். தமிழே தெரியாத எனக்கு எந்த எழுத்தா இருந்தா என்னடா என்றார்.

"இதுல எங்கப்பாரு எதுடா?"

ஒரே மாதிரி இரண்டு இருந்தன. கீழே இருப்பது நான், மேலே இருப்பது அவர் அப்பா. சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து மேலே இருந்த முருகையன் மேல் வைத்துக் காட்டினேன். அத்தை பட்டென்று என் கையைத் தட்டிவிட்டார்.

"அவரு மேல குத்தாதடா. பக்கத்துல வச்சுக் காட்டு."

பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

உங்கள் எல்லாருடைய நலத்தையும் வேண்டும்
முருகையன்